தயிரா, பாணியா: பலம் கூடிய கொங்கிரீட் ஓடுகிற கதை

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் இரவு பத்து மணிக்குப் பிறகு நடந்து பார்த்தால், எங்கேயாவது ஒரு மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும். வாசலில் மிக்சர் லொறி ஒன்று டிரம்மைச் சுழற்றியபடி நிற்கும். அதன் பின்னால் தலைக்கவசம் போட்ட ஒரு ஆள் குந்தியிருந்து இரும்புக் கூம்பு ஒன்றை மெதுவாகத் தூக்கிக்கொண்டிருப்பார். அந்தக் குந்தியிருக்கிற ஆளாகக் கொழும்பில் சில வருடங்கள் வேலை பார்த்தவன் நான். ஊருக்குப் போனால் பெரியப்பா கேட்பார்: "சீமெந்து, மணல், சல்லி, தண்ணி. இதுக்கு ஒரு படிச்ச ஆள் வேணுமே?"

வீட்டுக்கு மேல்தட்டு போடுகிற கொங்கிரீட் என்றால் பெரியப்பா சொல்வது பெரும்பாலும் சரி. கை பழகிய மேசன் ஒருவர் மண்வெட்டியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தே தண்ணி காணுமா காணாதா என்று சொல்லிவிடுவார். ஆனால் இருபது, முப்பது மாடிக் கட்டடத்தின் கீழ்த்தூணுக்குப் போகிற கிரேட் 60 கொங்கிரீட்டில் அதே மேசனின் கை பொய் சொல்லும். ஏன் பொய் சொல்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த 60. பக்கத்துக்கு 150 மில்லிமீற்றர் உள்ள ஒரு கியூப் 28 நாளில் ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 60 நியூட்டன் தாங்க வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம். கணக்குப் போட்டால் அந்தச் சின்னக் கட்டி 135 தொன்னுக்கு மேல் சுமக்கிறது. பெரஹரா ஊர்வலத்தில் போகிற பெரிய யானை முப்பதை ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றின மாதிரி. அமெரிக்கக் கொங்கிரீட் நிறுவனத்தின் கணக்கில் 55 மெகாபஸ்கலும் (ஒரு மெகாபஸ்கல் என்றால் சதுர மில்லிமீற்றருக்கு ஒரு நியூட்டன்) அதற்கு மேலும் உள்ளதெல்லாம் பலம் கூடிய கொங்கிரீட். இது ஏன் தேவை என்றால், பலம் குறைந்தால் தூண் பருக்கும். தூண் பருத்தால் கீழே கார் நிறுத்துகிற இடம் போகும். கொழும்பில் ஒரு பேர்ச் காணி என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும்.

பலம் எங்கிருந்து வருகிறது என்பதை 1918 இலேயே டஃப் ஏப்ரம்ஸ் என்ற அமெரிக்கர் சொல்லிவிட்டார். சீமெந்துக்குத் தண்ணி எவ்வளவு என்ற விகிதம்தான் பலத்தைத் தீர்மானிக்கிறது. தண்ணி குறையக் குறையப் பலம் கூடும். சீமெந்து இறுகுவதற்கு வேதியியல் ரீதியாகத் தேவையான தண்ணி அதன் நிறையில் கால்வாசி கூட இல்லை. சாதாரணக் கொங்கிரீட்டில் நாங்கள் ஊற்றுவது பாதிக்கு மேல். மிச்சமெல்லாம் ஓடுவதற்காக மட்டும் ஊற்றிய தண்ணி. வேலை முடிந்ததும் அது ஆவியாகிப் போகும், போன இடம் ஓட்டையாக நிற்கும், அந்த ஓட்டைகள்தான் பலத்தைத் தின்கின்றன. கிரேட் 60, 70 என்று போகும்போது விகிதம் 0.30, 0.35 அளவுக்கு இறங்குகிறது. வெறும் தண்ணியை மட்டும் நம்பி அந்த அளவில் கலந்தால் வருவது புட்டு மா. பிடித்தால் உருண்டையாக நிற்கும், ஓடாது.

ஆனால் அது ஓடித்தான் ஆக வேண்டும். பலமான தூணில் கம்பியும் நெருக்கம். கம்பிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிற இணைப்பு இடங்களில் என் விரல் போகாத இடைவெளிகளைப் பார்த்திருக்கிறேன். அதற்குள்ளே சல்லியும் போய்ச் சேர வேண்டும். (கொழும்பில் சல்லி என்றால் காசு என்றும் அர்த்தம், சல்லி இல்லாமல் கொங்கிரீட் இல்லை என்பது இரண்டு விதத்திலும் உண்மை. சைட்டில் குழப்பம் வேண்டாம் என்று எல்லோரும் மெட்டல் என்றுதான் சொல்வார்கள்.)

இங்கேதான் மருந்து வருகிறது. அட்மிக்ஸ்சர் என்று பெயர், ஆனால் கொங்கிரீட் கலக்கிற பிளான்ட்டில் பலரும் மருந்து என்றே சொல்வார்கள். சீமெந்துத் துகள்கள் தண்ணியில் விழுந்ததும் ஒன்றையொன்று இழுத்துக் கட்டி கட்டியாகச் சேரும். அந்தக் கட்டிகளுக்குள்ளே தண்ணி சிறைப்பட்டுக் கிடக்கும். அதாவது ஊற்றிய தண்ணியில் ஒரு பங்கு ஓட்டத்துக்கு உதவாமலேயே உள்ளே பூட்டப்பட்டிருக்கிறது. மருந்து செய்வது துகள்களைப் பிரித்து அந்தத் தண்ணியை விடுவிப்பதுதான். 1960களில் யப்பானிலும் ஜேர்மனியிலும் வந்த மருந்துகள் துகள்களுக்கு ஒரே மின்னேற்றத்தைக் கொடுத்து விலக்கி வைத்தன. 1980களில் யப்பானில் வந்த பொலிகார்பொக்சிலேட் வேறு விதம்: அதன் மூலக்கூறு ஒரு சீப்பு மாதிரி. சீப்பின் முதுகு துகளில் ஒட்டிக்கொள்ளும், பற்கள் வெளியே தண்ணிக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும், இன்னொரு துகள் கிட்ட வந்தால் பற்கள் இடம் கொடுக்காது. புறக்கோட்டை பஸ் நிலையத்தில் எல்லோரும் முழங்கையை நீட்டிக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும், அப்படி. தண்ணியில் 30 சதவீதமும் அதற்கு மேலும் குறைக்க இதனால்தான் முடிகிறது.

இது ஏதோ புதிய யோசனை என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டுப் பழைய கட்டடங்களின் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணி சேர்த்திருக்கிறார்கள். சாந்து இழைய வேண்டும், அதே நேரம் அவசரப்பட்டு இறுகவும் கூடாது என்ற தேவை அன்றைக்கும் இருந்திருக்கிறது.

சரி, மருந்து போட்டாயிற்று, ஓடுகிறது. பிரச்சினை முடிந்ததா? உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் "ஓடுகிறது" என்பது ஒரு குணம் இல்லை, இரண்டு.

எருமைத் தயிர்ச் சட்டியையும் கித்துள் பாணிப் (கித்துள் மரத்துச் சாற்றைக் காய்ச்சிய பாகு) போத்தலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சட்டியைச் சரித்தாலும் தயிர் உடனே ஓடாது, விறைத்துக்கொண்டு நிற்கும். ஆனால் கரண்டியால் ஒருமுறை கிளறிவிட்டால் பிறகு சிரமமே இல்லை, சளசளவென்று போகும். பாணி நேரெதிர். போத்தலைச் சரித்த உடனே நகரத் தொடங்கும், நகர்வதற்கு எந்தப் பிடிவாதமும் இல்லை, ஆனால் மெல்ல மெல்லத்தான் வரும், அவசரப்படுத்தினால் எதிர்க்கும். அசையத் தொடங்குவதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்பது ஒன்று. அசைந்த பிறகு வேகத்துக்கு எவ்வளவு எதிர்ப்பு என்பது இன்னொன்று. ஏ/எல் பௌதிகவியல் படித்தவர்களுக்கு, முதலாவது இளகு தகைப்பு, இரண்டாவது பிசுக்குமை. களிமண் கரைசல், பெயின்ற் போன்றவற்றின் ஓட்டத்துக்கு இந்த இரண்டும் தனித்தனியாக வேண்டும் என்று 1916 முதல் எழுதியவர் யூஜின் பிங்கம். புதுக் கொங்கிரீட்டும் அதே வகைதான், ஆகவே ஒரே ஒரு அளவை எடுத்து அதை மதிப்பிட முடியாது என்று 1970களில் வலியுறுத்தியவர் பிரித்தானியரான டாட்டர்சால்.

சாதாரணக் கொங்கிரீட் தயிர்ப் பக்கம். பலம் கூடியது பாணிப் பக்கம். மருந்து முக்கியமாக இளகு தகைப்பைத்தான் அடித்து விழுத்துகிறது. பிசுக்குமையை அந்த அளவுக்கு அது தொடுவதில்லை, ஏனென்றால் தண்ணி குறைவு, தூள் அதிகம், துகளுக்கும் துகளுக்கும் இடையிலான சந்து ஒடுங்கியது. அந்த ஒடுங்கிய சந்துக்குள்ளே தண்ணி வேகமாக ஓட மறுக்கிறது. வேகம் கூட்டக் கூட்ட எதிர்ப்பு விகிதத்துக்கு மேல் எகிறுகிற கலவைகளும் உண்டு.

இப்போது அந்த மேசனின் மண்வெட்டிக்கு வருவோம். இரும்புக் கூம்பு 300 மில்லிமீற்றர் உயரம், அடி 200, வாய் 100. சாதாரணக் கொங்கிரீட்டை மூன்று படையாகப் போட்டு ஒவ்வொன்றுக்கும் 25 குத்துக் குத்தித் தூக்கினால் குவியல் எவ்வளவு இறங்குகிறது என்பது ஸ்லம்ப். பலம் கூடியது ஒழுகிப் பரவிவிடும், அதனால் இறக்கத்தை விட்டுவிட்டுப் பரவிய வட்டத்தின் விட்டத்தை அளக்கிறோம்: 600, 650, 700 என்று. இந்த வட்டம் எங்கே போய் நிற்கிறது என்பதை இளகு தகைப்புத்தான் தீர்மானிக்கிறது. ஆனால் மேசன் மண்வெட்டியை உள்ளே விட்டு இழுக்கும்போது அவருடைய கைக்குத் தெரிவது பிசுக்குமை. வட்டம் 680 போய் நிற்கும், தாளில் எல்லாம் சரி, அவரோ "இது இறுக்கம், இழுபடுது, டிக்கக் வத்துர தாமு" என்பார். கொஞ்சம் தண்ணி போடுவோம் என்கிறார். நான் போடக் கூடாது என்பேன். இதிலே விசேஷம், இரண்டு பேரும் சரி. அவர் ஒன்றை அளக்கிறார், நான் வேறொன்றை அளக்கிறேன். இதைப் புரிந்துகொள்ள எனக்கே ஒரு வருடம் போனது. அதுவரை அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தீர்வு ஒரு கைக்கடிகாரத்தில் இருக்கிறது. பரப்பும் தகட்டில் 500 மில்லிமீற்றரில் ஒரு வட்டம் கீறியிருக்கும். கூம்பைத் தூக்கியதிலிருந்து கொங்கிரீட் அந்தக் கோட்டைத் தொடும் வரை எத்தனை செக்கன்? இதற்கு டி500 என்று பெயர். ஐரோப்பிய வகைப்பாட்டில் 2 செக்கனுக்குக் குறைந்தால் ஒரு வகுப்பு, 2 உம் மேலும் என்றால் இன்னொன்று. ஒரே 680 விட்டம் கொண்ட இரண்டு லொறிகளில் ஒன்று 2 செக்கனில் தொடும், மற்றது 7 செக்கன் எடுக்கும். முதலாவது தண்ணி மாதிரி ஓடி சல்லியை நடுவில் விட்டுவிட்டுப் போகலாம். இரண்டாவது பம்பை மூச்சு வாங்க வைக்கும். விட்டத்தை மட்டும் எழுதி நேரத்தை எழுதாத ரிப்போட் அரை ரிப்போட் என்பது என் கட்சி.

பம்ப் என்று சொன்னதால் அதையும் முடித்துவிடுகிறேன். 125 மில்லிமீற்றர்க் குழாய்க்குள் கொங்கிரீட் நாங்கள் நினைக்கிற மாதிரிக் கலங்கி ஓடுவதில்லை. நடுவில் அது ஒரு கட்டையாக அப்படியே நகரும். குழாய்ச் சுவரை ஒட்டிச் சில மில்லிமீற்றர் தடிப்பில் சல்லி இல்லாத குழம்புப் படை ஒன்று உண்டாகும், அந்த வழுக்கலில்தான் கட்டை போகிறது. அதனால்தான் தொடங்கும் முன் சீமெந்துக் கூழ் அனுப்பிக் குழாயை நனைக்கிறார்கள். தயிர் வகைக் கலவை என்றால் பம்பைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினாலும் அழுத்தம் பெரிதாக மாறாது. பாணி வகைக்கு வேகத்தோடு அழுத்தமும் ஏறும். ஆகவே அழுத்தமானி முள் சிவப்பை நோக்கிப் போனால் செய்ய வேண்டியது வேகத்தைக் குறைப்பது. நடப்பது என்னவென்றால், ஒப்பரேட்டர் அவசரத்தில் இன்னும் மிதிப்பார், வளைவில் அடைக்கும், பிறகு இரவு இரண்டு மணிக்குக் குழாயைக் கழற்றிச் சுத்தியலால் தட்டுகிற சத்தம் அயலை எழுப்பும். துபாயின் புர்ஜ் கலீஃபாவில் 600 மீற்றர் உயரத்துக்குக் கீழே இருந்தே நேராகத் தள்ளினார்கள். அங்கே வென்றது பம்பின் பலம் மட்டும் இல்லை, உயரத்துக்கு ஏற்றபடி கலவையின் சல்லி அளவையும் குழம்பின் இழைவையும் மாற்றிக்கொண்டே போனதும்தான்.

இனி மழை. கொழும்பில் இந்த வேலை செய்தவர்களுக்கு இது தெரியும், படித்தவர்களுக்குச் சில நேரம் தெரியாது.

ஒரு கன மீற்றர் கிரேட் 60 கலவைக்கு மனதில் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: சீமெந்தும் மற்றத் தூள்களும் சேர்ந்து 500 கிலோ, தண்ணி 150 லீற்றர், மணல் 750 கிலோ, மெட்டல் 1000. விகிதம் 0.30. மணல் ஒருபோதும் காய்ந்து இருக்காது, ஆகவே அதில் 4 சதவீதம் ஈரம் என்று கணினியில் போட்டு, அந்த அளவு தண்ணியைக் குறைத்து ஊற்றுகிறோம். ஒக்டோபர், நொவம்பர் மாதங்களில் பின்னேரம் மூன்று மணிக்கு இடி இடித்து ஒரு மணி நேரம் ஊற்றுமே, அந்த மழை மணல் குவியலில் விழுகிறது. ஈரம் 7 ஆகிறது. யாரும் கணினியில் மாற்றவில்லை. 750 கிலோவில் 3 சதவீதம் என்றால் 22 லீற்றர் சொச்சம். விகிதம் 0.30 போய் 0.34 தாண்டிவிட்டது. ஆறு கன மீற்றர் லொறியில் இது 130 லீற்றருக்கு மேல், அதாவது 13 வாளி. லொறிச் சாரதி ஒரு வாளி ஊற்றப் போனால் நாங்கள் எல்லோரும் ஓடிப்போய்க் கத்துவோம். மழை 13 வாளி ஊற்றியதை ஒருவரும் பார்க்கவில்லை.

எனக்கு அப்படி ஒரு இரவு வந்தது. லொறி வந்து கூம்பைத் தூக்கினேன். வட்டம் தகட்டையே தாண்டப் பார்த்தது. விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்குச் சல்லியே இல்லாத வெறும் பளபளப்பான குழம்பு வளையம், நடுவில் மெட்டல் குவிந்து கிடந்தது. சாம்பாரை இறக்கி வைத்தால் தண்ணி மேலேயும் பருப்பு கீழேயும் போகுமே, அந்தக் காட்சி. போமன், அதாவது சைட் மேற்பார்வையாளர், வந்து பார்த்துவிட்டு, "நல்லா ஓடுதே தம்பி, போடுவம்" என்றார். திருப்பி அனுப்பினேன். அடுத்த லொறியும் அப்படியே வந்தது, அதற்கடுத்ததும். பிளான்ட்டுக்குப் போன் எடுத்து, மணலை ஒரு சட்டியில் போட்டு வறுத்து நிறுத்துப் பாருங்கள் என்று சொன்ன பிறகுதான் விஷயம் பிடிபட்டது. சட்டியில் வறுத்து ஈரம் பார்ப்பது பழைய முறைதான், பத்து நிமிட வேலை. மூன்று லொறிக் கொங்கிரீட் வீணாகப் போனதோடு ஒப்பிட்டால் அந்தப் பத்து நிமிடம் பெரிதில்லை. அதிகாலை வரை எனக்கு எல்லோரிடமும் ஏச்சு விழுந்தது தனிக் கதை.

மணலைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஆற்று மணல் அகழ்வுக்குக் கட்டுப்பாடுகள் வந்த பிறகு கொழும்புப் பக்கம் கழுவிய கடல் மணலும், கல்லுடைக்கும் ஆலைகளில் உடைத்தெடுக்கிற மணலும் கூடிவிட்டன. ஆற்று மணி உருண்டை, உடைத்த மணி மூலை மூலையாகக் கூர். ஒன்றின் மேல் ஒன்று வழுக்காமல் பூட்டிக்கொள்ளும். எங்கள் நாட்டுக் கல்லில் பெரும்பகுதி நைஸ் (gneiss) என்கிற வகைப் பாறை, அதில் மினுமினுக்கிற மைக்காத் தகடுகள் உண்டு. அந்தத் தகடுகளும் தண்ணியைப் பிடித்து வைக்கும். ஆனால் எல்லாவற்றிலும் மோசம் களிமண் தூசு. வீங்குகிற வகைக் களிமண்ணின் படைகளுக்கு இடையில் அந்தச் சீப்பு மூலக்கூறின் பற்கள் போய்ச் செருகிக்கொள்ளும், சீமெந்துக்கு மருந்து மிஞ்சாது. நேற்று ஒரு சதவீதம் மருந்தில் ஓடிய கலவை இன்று ஓடாது. எல்லோரும் மருந்துக் கொம்பனியைத் திட்டுவார்கள், குற்றவாளி மணல் குவியலில் கிடப்பான். மெத்திலின் நீலச் சாயத்தை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்க்கும் ஒரு சின்னச் சோதனை இதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தூள்களில் நல்லவையும் உண்டு. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து வருகிற சாம்பலின் துகள்கள் நுண்ணோக்கியில் குண்டுமணி மாதிரி உருண்டை. சீமெந்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அதைப் போட்டால் கலவை இழைந்து ஓடும், சூடும் குறையும். சிலிக்கா புகைத்தூள் இன்னும் நுண்மை, சீமெந்துத் துகளில் நூறில் ஒரு பங்கு அளவு. சந்துகளை நிரப்பும், பலத்தைக் கூட்டும், சல்லி பிரிந்து விழாமல் பிடித்து வைக்கும். ஆனால் கை மிஞ்சினால் கலவை பசை மாதிரி ஆகிவிடும். பத்து சதவீதத்துக்குள்ளே நிற்பதுதான் வழக்கம்.

பிளான்ட்டில் ஒரு காட்சியைப் பார்த்திருந்தால் இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்பது மறக்காது. மிக்சருக்குள் எல்லாம் விழுந்து தண்ணியும் மருந்தும் போன பிறகு முதல் ஒரு நிமிடம் உள்ளே கிடப்பது காய்ந்த உருண்டைகள். மோட்டர் முக்கி முனகும், அம்பியர் முள் மேலே ஏறும். பார்க்கிற யாருக்கும் தண்ணி காணாது என்றுதான் தோன்றும். அப்புறம் திடீரென்று, ஒரு நொடியில் உடைந்த மாதிரி, உருண்டைகள் கரைந்து கலவை பளபளக்கத் தொடங்கும், அம்பியர் இறங்கி ஒரே இடத்தில் நிற்கும். சீப்பு மூலக்கூறுகள் ஒவ்வொரு துகளையும் தேடிப்போய் ஒட்டுவதற்கு நேரம் வேண்டும், அவ்வளவுதான். சாதாரணக் கொங்கிரீட்டுக்கு அரை நிமிடம் காணும் என்று பழகிய ஒப்பரேட்டர் அந்த முதல் நிமிடத்தில் பொறுமை இழந்து இருபது லீற்றர் திறந்துவிட்டால், இரண்டாவது நிமிடத்தில் அது குளமாகிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு ஒப்பரேட்டர் அண்ணை திரையைப் பார்க்கவே மாட்டார், மோட்டர் சத்தத்தை வைத்தே "வந்திட்டுது" என்பார். அவர் சொன்ன நேரத்துக்கும் அம்பியர் முள் நின்ற நேரத்துக்கும் ஐந்து செக்கன் வித்தியாசம் இருந்ததை நான் பார்த்ததில்லை.

பிறகு றோட்டு. பேலியகொடைப் பக்கமிருந்து வெள்ளவத்தைக்கு வர அதிகாலையில் அரை மணி நேரம், பின்னேரம் ஐந்து மணிக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள். அமெரிக்கத் தர நியமம் ஒன்றில் தண்ணி சேர்ந்ததிலிருந்து 90 நிமிடத்துக்குள் இறக்கி முடிக்க வேண்டும் என்ற விதி நீண்ட காலம் இருந்தது. மருந்துகள் திருந்திய பிறகு அதைத் தளர்த்திவிட்டார்கள், ஆனால் அது சும்மா வந்த விதி இல்லை. டிரம்முக்குள் சீமெந்து வேலையைத் தொடங்கிவிட்டது. துகள்களின் மேல் புதிய படிவுகள் வளர்ந்து ஒட்டியிருந்த மருந்தை மூடிவிடுகின்றன, சீப்பு புதைந்து போகிறது, துகள்கள் மறுபடி கை கோக்கின்றன. 32 பாகை வெயிலில் இது இன்னும் விரைவு. பகலில் 700 பரவி வெளிக்கிட்ட கலவை ஒன்றரை மணி நேரத்தில் 450க்கு வந்து நிற்பது சாதாரணம்.

இதற்கு இன்றைக்கு உள்ள கெட்டித்தனமான வழி இரண்டு மருந்தைக் கலப்பது. ஒன்று உடனே ஒட்டும், மற்றது கலவையின் காரத்தில் மெல்ல மெல்ல அவிழ்ந்து, பிறகு பிறகு ஒட்டும். முதலாவது புதைந்து போகிற நேரத்தில் இரண்டாவது வேலைக்கு வரும். அதோடு சூட்டைக் குறைக்கவும் வேண்டும்: இரவில் போடுவது, மெட்டல் குவியலுக்கு நிழல், குளிர்ந்த தண்ணி, தண்ணிக்குப் பதில் ஐஸ். ஒரு கன மீற்றரை 1 பாகை இறக்க ஏறக்குறைய 7 கிலோ ஐஸ் வேண்டும். பெரிய அத்திவாரம் போடுகிற நாளில் ஐஸ் லொறி ஒன்று தனியாக வந்து நிற்கும், ஐஸும் கலக்கிற தண்ணிக் கணக்கில் சேர்ந்துதான் என்பதை மறந்து போன கூத்தும் நடக்கும்.

சைட்டுக்கு வந்து இறுகிப்போனால் தண்ணிக்குப் பதில் மருந்தையே கொஞ்சம் கூட்டலாம், அளந்து, டிரம்மை முழு வேகத்தில் சில நிமிடம் சுழற்றி. ஆனால் மருந்துக்கும் ஒரு நிறைவு அளவு உண்டு. அதுவரை ஒவ்வொரு துளியும் வேலை செய்யும். அதைத் தாண்டினால் ஓட்டம் கூடாது, சல்லி கீழே போகும், காலையில் பலகை கழற்றப் போனால் கொங்கிரீட் இன்னும் ஈரமாக நிற்கும். லொறி வழியிலேயே பழுதாகி நின்றால்? சீனி. உலகம் முழுக்க மிக்சர் சாரதிகளுக்குத் தெரிந்த வைத்தியம் அது. சில கிலோ சீனி டிரம்முக்குள் போனால் சீமெந்து இறுகுவதை மறந்துவிடும். அந்தக் கொங்கிரீட்டை எறியத்தான் வேண்டும், டிரம் தப்பும்.

இவ்வளவும் ஓட வைப்பதைப் பற்றி. நிற்க வைப்பதும் ஒரு வேலை. அப்பம் சுடுகிறவரைக் கவனித்திருப்பீர்கள்: மாவை ஊற்றிச் சட்டியைச் சுழற்றும்போது மா சுவரில் ஏறி ஓடுகிறது, சுழற்றுவதை நிறுத்தியதும் ஏறிய இடத்திலேயே நிற்கிறது. அசைத்தால் இளகும், விட்டால் இறுகும். கொங்கிரீட்டும் சும்மா விட்டால் சில நிமிடங்களிலேயே தனக்குள் ஒரு கட்டமைப்பைக் கட்டத் தொடங்கும், மறுபடி கலக்கினால் அது உடையும். இது பலகை அடிக்கிறவருக்கு வரம். நன்றாக ஓடுகிற கொங்கிரீட்டை 4 மீற்றர் உயரத் தூணுக்குள் மளமளவென்று நிரப்பினால் அடியில் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 10 தொன் தள்ளும். சாதாரணக் கொங்கிரீட்டுக்கு அடித்த பலகை அதற்குத் தாங்காது. மெல்ல நிரப்பினால் கீழே உள்ளது நிற்கத் தொடங்கிவிடும், தள்ளு குறையும். ஆனால் மிக மெல்லப் போனால், அல்லது அடுத்த லொறி திம்பிரிகஸ்யாயச் சந்தியில் மாட்டிக்கொண்டால், கீழ்ப்படையின் மேல் காய்ச்சிய பாலில் ஆடை கட்டுகிற மாதிரி ஒரு தோல் கட்டும். மேலே விழுகிறது அதோடு கலக்காது. பலகை கழற்றும்போது தூணைச் சுற்றி ஒரு கோடு தெரியும், அந்தக் கோட்டை மேல்பூச்சால் மறைக்கலாம், இல்லாமல் ஆக்க முடியாது.

வைப்ரேட்டரே வேண்டாம் என்ற அளவுக்குத் தானாகப் பரவி நிரம்பும் கொங்கிரீட்டை 1986 இல் முன்மொழிந்தவர் தோக்கியோப் பல்கலைக்கழகத்தின் ஒக்காமுரா. 1988 இல் முதல் மாதிரி வந்தது. அவருடைய கவலை, கை பழகிய தொழிலாளர் யப்பானில் குறைந்துகொண்டு போகிறார்கள் என்பது. இன்று கொழும்பு சைட்டுகளிலும் பழைய மேசன்மார் வெளிநாடு போய்விட, போக்கரை (கொங்கிரீட்டுக்குள் விடுகிற வைப்ரேட்டர் தடி) எவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டும் என்று தெரியாத பொடியன்கள்தான் அதிகம். அந்த வகையில் ஒக்காமுராவின் கவலை எங்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. பாணி வகைக் கலவைக்குப் போக்கரை நீண்ட நேரம் வைத்திருப்பது, சும்மா நிற்கிற சல்லியைக் கீழே தள்ளிவிடுகிற வேலை.

கடைசியாக ஒன்று, தட்டுப் போடும்போது மறக்கிறது. சாதாரணக் கொங்கிரீட் போட்டுக் கொஞ்ச நேரத்தில் மேலே தண்ணி கசியும், மேசன்மார் அது வற்றும் வரை காத்திருந்து மட்டம் இழுப்பார்கள். பலம் கூடியதில் கசிவதற்கு மிச்சத் தண்ணி கிடையாது. காத்திருந்தால் வருவது தண்ணி இல்லை, தோல். கரண்டி ஒட்டும், இழுத்தால் கிழியும், அப்போதும் "கொஞ்சம் தண்ணி தெளிச்சு இழுப்பமே" என்று ஒரு குரல் வரும். வெள்ளவத்தையில் கடற்காத்து வேறு இரவு முழுக்க மேற்பரப்பைத் துடைத்துக்கொண்டிருக்கும். ஆகவே ஒருவர் மட்டக்கோல் இழுத்துப் போகப் போக, பின்னாலேயே இன்னொருவர் பொலித்தீனை விரித்துக்கொண்டு போக வேண்டும், ஓரங்களுக்குப் பலகைத் துண்டும் வைத்து. விடிந்ததும் மூடலாம் என்று விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போன ஒரு சைட்டில், விடிந்து பார்த்தபோது தட்டு முழுக்கத் தலைமயிர் தடிப்பில் வெடிப்புகள் ஓடியிருந்தன.